அதிபர் வேட்பாளருக்குத் தன் கொள்கை எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களோடு அரசியலமைப்பு, பொது நிர்வாகம் பற்றிப் பேசுவது என் வழக்கம். அமெரிக்காவிலோ இலங்கையிலோ தேர்தல் வந்துவிட்டால் பாடம் ஒதுங்கிவிடும். வேட்பாளர்களைப் பற்றிய கேள்விகளே நிறையும். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றையும், அந்த இளைஞர்களின் பெற்றோர் கேட்ட சிலவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நாட்டின் தலைமைப் பதவிக்கு நிற்பவர் தான் அறிவிக்கும் திட்டத்தை எவ்வளவு அறிந்திருக்க வேண்டும், அதை மக்களிடம் எவ்வளவு திறந்து சொல்ல வேண்டும் என்பதுதான் இவை அனைத்துக்கும் பொதுவான பொருள்.

வெளிநாட்டு அதிபர் தேர்தலில் நமக்கு வாக்கே இல்லை. அந்த வேட்பாளருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது நமக்கு எதற்கு?

வாக்கு இல்லைதான், ஆனால் விளைவு நம் வீட்டு வாசல் வரை வருகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த இறக்குமதி வரி 50 சதவீதத்தைத் தொட்டது. ஓசூரில் எந்திர உதிரிபாகம் செய்து ஏற்றுமதிக்குக் கொடுக்கும் சிறு பட்டறைக்காரருக்கு அன்று அது சாப்பாட்டுப் பிரச்சினையாயிற்று. இந்த வரி திடீரென்று முளைத்ததல்ல. 2024 தேர்தல் பிரச்சாரம் முழுக்க, இறக்குமதி வரியை உயர்த்துவேன், அதை வெளிநாடுகள்தான் கட்டும் என்று டொனால்ட் டிரம்ப் சொல்லி வந்தார். சட்டப்படி அந்த வரியைச் சுங்கத்தில் கட்டுகிறவர் சரக்கை இறக்கும் அமெரிக்க வணிகர். அவர் அந்தச் சுமையை விலையில் ஏற்றி அங்குள்ள வாடிக்கையாளர் தலையில் வைக்கலாம், அல்லது விலையைக் குறைத்துக்கொடு என்று ஓசூர்க்காரரை நெருக்கலாம். இரண்டும் நடக்கும். "யார் கட்டுவது?" என்ற ஒரு கேள்விக்கு மேடையில் நேரான விளக்கம் கிடைத்திருந்தால், அந்த நாட்டு வாக்காளர் தெரிந்து முடிவெடுத்திருப்பார்.

இலங்கையைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. நம் இரண்டு மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. கொழும்பில் யார் அதிபராகிறார், அவர் எதைப் புரிந்துகொண்டு பேசுகிறார் என்பது அந்தக் குடும்பங்களுக்கு உறவினர் சேதி.

ஒரு வேட்பாளர் எல்லாப் பெயர்களையும் எண்களையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. 1999-இல், அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நின்ற இளைய ஜார்ஜ் புஷ்ஷிடம் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் நான்கு இடங்களின் தலைவர்கள் பெயரைக் கேட்டார். அவற்றில் இந்தியாவும் ஒன்று. ஒன்றுக்கு மட்டும் அரைகுறையாகப் பெயர் சொன்னார், இந்தியா உட்பட மற்ற மூன்றுக்கும் சொல்ல முடியவில்லை. உலகமே அதைப் பேசியது. அடுத்த ஆண்டு அவர் வென்றார். அந்தக் கேள்வியே எனக்கு அவ்வளவு உயர்வாகப் படவில்லை. வாஜ்பாயியின் பெயரை ஓர் இரவில் படித்துவிடலாம். இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுச் சோதனை நடத்தியிருந்த நேரம் அது. நீங்கள் அதிபரானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தால்தான் அவருடைய ஆழம் தெரிந்திருக்கும்.

மறதிக்கும் அறியாமைக்கும் உள்ள தூரத்தைக் காட்ட ரிக் பெர்ரியின் கதையைவிட நல்லது கிடைக்காது. 2011 நவம்பர் 9-இல் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் விவாதம். டெக்சாஸ் ஆளுநரான பெர்ரி, நான் அதிபரானால் மூன்று மத்தியத் துறைகளை மூடிவிடுவேன் என்றார். வணிகம், கல்வி என்று இரண்டைச் சொன்னார். மூன்றாவது நாவில் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எடுத்துக்கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில், நினைவு வரவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்தச் சில நொடிகள் அவருடைய வாய்ப்பையே விழுங்கிவிட்டன.

அவர் மறந்தது எரிசக்தித் துறை. ஐந்தாண்டுகள் கழித்து டிரம்ப் அவரை அதே துறைக்கு அமைச்சராக நியமித்தார். 2017 ஜனவரியில் செனட் குழுவின் முன் பேசியபோது, அந்தத் துறையின் முக்கியப் பணிகளைப் பற்றி விளக்கம் பெற்ற பிறகு, அதை மூடச் சொன்னதற்காக வருந்துகிறேன் என்றார். அமெரிக்காவின் அணு ஆயுதக் கையிருப்பைப் பராமரிக்கும் பொறுப்பு அந்தத் துறையிடம்தான் இருக்கிறது. உலகம் அவரைப் பார்த்துச் சிரித்தது பெயரை மறந்ததற்காக. கவலைப்பட்டிருக்க வேண்டியது, அந்தத் துறை என்ன செய்கிறது என்று தெரியாமலே மூடுவேன் என்று சொன்னதற்காக. பெயரைச் சரியாகச் சொல்லியிருந்தால் அந்த அறியாமை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அப்படியானால் எதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்?

தானே அறிவித்த திட்டத்தின் உள்வேலை தெரிந்திருக்க வேண்டும். பணம் எங்கிருந்து வரும், அதைச் செய்யும் அதிகாரம் தன்னிடம் இருக்கிறதா அல்லது நாடாளுமன்றமோ நீதிமன்றமோ மாநிலமோ ஒத்துக்கொள்ள வேண்டுமா, எத்தனை காலம் பிடிக்கும், யாருக்கு இழப்பு வரும். இந்த நான்கில் கடைசியைத்தான் யாரும் சொல்வதில்லை. யாருக்குமே இழப்பில்லாத திட்டம் என்று ஒருவர் சொன்னால், அவர் அதை இன்னும் யோசித்து முடிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

காலம் என்ற ஒன்று எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இலங்கை சாட்சி. 2019 நவம்பர் தேர்தலில் கோத்தபய ராஜபக்ச இரண்டு வாக்குறுதிகள் தந்தார். ஒன்று, வரிக் குறைப்பு. வென்ற கையோடு மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறக்கினார். அரசின் வருவாய் சரிந்தது. அந்த ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்து சுற்றுலா வருவாயையும் எடுத்துச் சென்றது. இரண்டாவது, பத்தாண்டுகளில் விவசாயத்தை இயற்கை முறைக்கு மாற்றுவது. பத்தாண்டு என்று அறிக்கையில் இருந்தது. 2021-இல் அவர் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடை செய்தார்.

இது நடக்கக்கூடியதா என்று பாலக்கோடு தக்காளி விவசாயி யாரிடமாவது கேட்டிருந்தால், மண்டிக்குக் கூடை இறக்கிவிட்டு நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பார். ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். நன்கு மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் என்று வைத்தாலும், அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக நான்கு டன் தொழுவுரம் வேண்டும். நான்கு டன்னுக்கு எத்தனை மாடு, எத்தனை மாதம், எந்த டிராக்டர், என்ன வாடகை? ஒரு நாடு முழுவதற்கும் அந்த எருவை ஒரே பருவத்தில் எங்கிருந்து கொண்டுவருவது? இயற்கை விவசாயம் நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நம் பக்கத்திலேயே அதைப் பொறுமையாகச் செய்து, ஆண்டுக்கு ஆண்டு மண்ணைத் தேற்றியெடுத்தவர்கள் இருக்கிறார்கள். பத்தாண்டு கேட்கும் வேலையை ஒரு பருவத்தில் திணித்ததுதான் கேடு. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை அடிபட்டது, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்ப முடியாது என்று இலங்கை அறிவித்தது. ஜூலையில் அதிபர் நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகினார். உரத் தடை மட்டுமே இவ்வளவுக்கும் காரணமல்ல. கடன், அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு, வரிக் குறைப்பு எல்லாம் சேர்ந்தன. ஆனால் விவசாயியின் அடுப்பை முதலில் அணைத்தது அந்தத் தடைதான்.

அதிகாரிகளும் நிபுணர்களும் கூடவே இருக்கிறார்களே? தலைவர் ஏன் இவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும்?

நிபுணர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினால் இந்தக் கேள்வி சரி. முக்கியமான நேரங்களில் அவர்கள் ஒரே குரலில் பேசுவதே இல்லை. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்தபோது, அமெரிக்க ராணுவத் தளபதிகள் விமானத் தாக்குதலை வலியுறுத்தினார்கள். ஆலோசகர்களில் வேறு சிலர் கடல்வழி முற்றுகை போதும் என்றார்கள். அதிபர் கென்னடி முற்றுகையைத் தேர்ந்தெடுத்தார். அந்த இரண்டுக்கும் நடுவே முடிவு சொல்ல இன்னொரு நிபுணரை அழைக்க முடியாது. நாற்காலியில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். கேட்பதை எடைபோடும் அளவுக்காவது அவருக்கு அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், கடைசியாக அறைக்குள் வந்து பேசிவிட்டுப் போனவர் சொன்னதே நாட்டின் கொள்கையாகிவிடும்.

நிறையப் படித்தவர் என்றால் போதுமா?

போதாது. காமராசர் பள்ளிப் படிப்பை இடையிலேயே விட்டவர். கிருஷ்ணகிரி அணை அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் விரித்தவரும் அவரே. எந்த ஊருக்கு எது தேவை, அதற்கு எந்தத் துறையிடம் போக வேண்டும், தடை எங்கே வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இங்கே அறிவு என்று சொல்வது அதைத்தான். பட்டம் இருந்தும் தன் கட்சியின் அறிக்கையை ஒருமுறை கூட முழுதாகப் படிக்காதவர்கள் எல்லா நாட்டிலும் தேர்தலில் நிற்கிறார்கள்.

உண்மையான விவரத்தைச் சொன்னால் தோற்றுப்போவார்களே. பிறகு ஏன் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்விக்கு எளிதான பதில் இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1984-இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வால்டர் மாண்டேல், பற்றாக்குறையை அடைக்க யார் வந்தாலும் வரியை உயர்த்தத்தான் வேண்டும், அதிபர் ரீகன் அதைச் சொல்ல மாட்டார், நான் சொல்லிவிட்டேன் என்று கட்சி மாநாட்டிலேயே பேசினார். ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதில் தோற்றார். அதன் பிறகு எந்த வேட்பாளருக்குத்தான் துணிவு வரும்? 1988-இல் ஜார்ஜ் புஷ், மூத்தவர், என் உதட்டைப் பாருங்கள், புதிய வரி கிடையாது என்று அடித்துச் சொல்லி வென்றார். 1990-இல் வரி உயர்வுக்கு அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1992-இல் எதிரணியினர் அந்தப் பழைய வாக்கை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார்கள், அவர் தோற்றார். சொன்னவர் உடனே தோற்றார், சொல்லாதவர் நான்காண்டு தள்ளித் தோற்றார்.

ஆனால் அதே 1992-இல் வேறொன்றும் நடந்தது. ராஸ் பெரோ என்ற சுயேச்சை வேட்பாளர் தொலைக்காட்சியில் அரைமணி நேரத்தை விலைக்கு வாங்கி, கையில் ஒரு கோலை வைத்துக்கொண்டு, வரைபடங்களைக் காட்டி அரசின் கடன் எப்படி ஏறுகிறது என்று விளக்கினார். பாட்டில்லை, ஊர்வலமில்லை. கோடிக்கணக்கானோர் உட்கார்ந்து பார்த்தார்கள். கட்சி பின்னணி இல்லாத அவருக்கு ஏறக்குறைய 19 சதவீத வாக்கு கிடைத்தது. மக்களுக்குக் கணக்கு புரியாது, அவர்களுக்கு அது வேண்டாம் என்று சொல்பவர்களிடம் நான் எடுத்துக்காட்டுவது இந்த நிகழ்ச்சியைத்தான்.

இன்னொரு வகையும் உண்டு: நன்றாகத் தெரிந்திருந்தும் வாய் திறக்காதவர்கள். அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற எலிசபெத் வாரன் 2019-இல் ஒவ்வொரு பிரச்சினைக்கும் என்னிடம் திட்டம் இருக்கிறது என்றே பெயர் வாங்கியவர். எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்றார். அதற்காக நடுத்தரக் குடும்பத்தின் வரி உயருமா என்று அக்டோபர் மாத விவாதத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மொத்தச் செலவு குறையும் என்றே அவரும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் 20.5 லட்சம் கோடி டாலர் கணக்கோடு விரிவான திட்டத்தை வெளியிட்டார். அதற்குள், இவர் எதையோ மறைக்கிறார் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. அவ்வளவு உழைத்துத் திட்டம் வகுத்த ஒருவர் ஒரு சொல்லுக்குப் பயந்தது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே, சொன்னால் தோற்கலாம் என்பது உண்மை. அதற்காக வேட்பாளரை மட்டும் குற்றம் சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. விவரம் சொன்னவரைத் தண்டித்து, சொல்லாதவருக்கு மாலை போடுகிறவர்கள் வாக்காளர்களாகிய நாமும்தான்.

தொலைக்காட்சி விவாதம் நல்ல அளவுகோலா?

பாதி அளவுக்கு. விவாதம் நடுக்கமில்லாத நாக்கையும் நல்ல நினைவாற்றலையும் அளக்கிறது. ஒரு திட்டம் நடக்குமா என்பதை அளப்பதில்லை. இருந்தாலும் தயாரிப்பில்லாதவரை அது காட்டிக்கொடுத்துவிடும். 2017 மே 3-இல் பிரான்சில் மக்ரோனோடு மோதிய மரீன் லெ பென், இரண்டு வேறு நிறுவனங்களின் விற்பனை விவகாரங்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டார். மக்ரோன் அதை அங்கேயே பிரித்துக் காட்டினார். 2024 செப்டம்பர் விவாதத்தில், நடப்பிலுள்ள மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் திட்டம் இருக்கிறதா என்று டிரம்பிடம் கேட்டபோது, திட்டத்துக்கான சில கருத்துகள் இருக்கின்றன என்றார். அந்தச் சட்டத்தை மாற்றுவேன் என்று அவர் சொல்லத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. லெ பென் தோற்றார், டிரம்ப் வென்றார். விவாதத்தில் வெளிப்படுவதை எடுத்துக்கொள்வதும் தள்ளிவிடுவதும் வாக்காளர் கையில் இருக்கிறது.

"தெரியாது" என்று ஒப்புக்கொள்வது பலவீனமா?

இல்லை, அதோடு நின்றுவிடாவிட்டால். 2016-இல் மூன்றாவது கட்சி வேட்பாளர் கேரி ஜான்சனிடம் அலெப்போ பற்றி என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, அலெப்போ என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டார். சிரியாவில் அந்த நகரம் அப்போது முற்றுகையில் சிதைந்துகொண்டிருந்தது. கேட்டது நேர்மைதான், ஆனால் ராணுவத்துக்குத் தலைமை ஏற்க வருகிறவருக்கு அன்று தெரிந்திருக்க வேண்டிய ஊர் அது.

முன்பு சொன்ன கொள்கையை மாற்றிக்கொண்டால் நம்பலாமா?

ஏன் மாற்றினார் என்று சொன்னால் நம்பலாம். கமலா ஹாரிஸ் 2019-இல், பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எரிவாயு எடுக்கும் முறையைத் தடை செய்வேன் என்றார். 2024-இல் தடை செய்ய மாட்டேன் என்றார். என் அடிப்படை மதிப்பீடுகள் மாறவில்லை என்று பேட்டியில் விளக்கம் தந்தார். எந்தப் புதிய தகவல் அவர் மனத்தை மாற்றியது என்பதைத்தான் கேட்டவர்கள் எதிர்பார்த்தார்கள்.

கொள்கையை எளிமையாகச் சொன்னால் பொருள் குறைந்துவிடாதா?

எளிமை வேறு, மழுப்பல் வேறு. நம் மாவட்டத் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி மாவட்டத்தில் நடுத்தர வயதுக்காரர் பலருடைய முன்பற்களில் பழுப்புக் கோடுகளைப் பார்க்கலாம். சிறு வயதில் குடித்த நீரின் அடையாளம் அது. நிலத்தடிப் பாறையில் உள்ள தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லையும், இன்னும் அதிகமானால் எலும்பையும் தாக்கும். கொதிக்க வைத்தால் அது போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்கினாலும் தீராது. அதனால்தான் ஜப்பானியக் கடனுதவியோடு காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது. அது 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது.

இந்தச் சில வரிகளை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். பொருள் எதுவும் குறையவில்லை. இவ்வளவும் தெரிந்த வேட்பாளர், ஊருக்கு ஒரு போர்வெல் போட்டுத் தருகிறேன் என்று சொல்ல மாட்டார். உங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, குழாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேட்பார். "வீட்டுக்கு வீடு சுத்தமான குடிநீர்" என்ற சுவரெழுத்தும் எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் படித்தவருக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை.

நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் வேட்பாளரும் கொள்கை விளக்கம் தர வேண்டுமா?

அவருடைய பணி வேறு. அரசியலமைப்பின் 74-வது பிரிவின்படி அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும். ஒரு பரிந்துரையை மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் அதே பரிந்துரை வந்தால் ஏற்கத்தான் வேண்டும். ஆகவே வரியையோ உரத்தையோ பற்றி அவர் வாக்குறுதி தருவது பொருந்தாது. ஆனால் கருணை மனுக்களை எந்த நோக்கில் பார்ப்பார், மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பும் மசோதாவை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று நினைக்கிறார் என்பவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டின் நீட் விலக்கு மசோதாவை நினைத்துப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். அரூரிலும் பென்னாகரத்திலும் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் அந்த மூன்று ஆண்டுகளில் எந்தத் தேர்வுக்குப் படிப்பது என்று தவித்தார்கள்.

நேரடி வாக்கு இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்கு மதிப்பும் 176. தருமபுரி மாவட்டத்தின் 5 தொகுதிகளும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் 6 தொகுதிகளும் சேர்ந்து 1,936. யாருக்குப் போட்டீர்கள், ஏன் என்று உங்கள் உறுப்பினரைக் கேளுங்கள். வாக்கு ரகசியம்தான், காரணத்தைப் பொதுவில் பேசத் தடையில்லை.

இந்தப் பதவிக்கும் நம் மண்ணுக்கும் ஒரு பழைய தொடர்பும் உண்டு. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தார். முதல் குடியரசுத் தலைவராக அவரே தொடர வேண்டும் என்று நேரு விரும்பினார். கட்சிக்குள் ஆதரவு ராஜேந்திர பிரசாத் பக்கம் இருந்தது.

தேர்தல் அறிக்கையில் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இந்தியாவில் உண்டா?

வழிகாட்டுதல் உண்டு, வலுவான கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் இலவசத் தொலைக்காட்சி முதலிய வாக்குறுதிகளை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. அதன்படி, வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்கான நிதி வழியையும் அறிக்கை பொதுவாகச் சுட்ட வேண்டும் என்பது நடத்தை விதிகளில் சேர்ந்தது. நடைமுறையில் பெரும்பாலும் ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26-இல் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் கேட்கப்படுகின்றன. என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஓர் இடத்திலும் கேட்கப்படுவதில்லை.

நெதர்லாந்தில் கட்சிகள் தங்கள் தேர்தல் அறிக்கையைப் பொருளாதாரக் கொள்கை ஆய்வு மையம் ஒன்றிடம் கொடுத்து, செலவையும் விளைவையும் கணக்கிடச் சொல்லும் வழக்கம் 1986 முதல் இருக்கிறது. அது அரசு சார்ந்த அமைப்புதான், ஆனால் தன்னுரிமையோடு கணக்கிடுகிறது. அதுபோல ஒன்று இங்கேயும் வர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

நம் தொகுதி வேட்பாளரிடம் இதே அளவுகோலை வைக்கலாமா?

வைக்கத்தான் வேண்டும். இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதை. வெள்ளைக்காரர் காலத்தில் இருந்த குறும்பாதை இரண்டாம் உலகப் போர் நேரத்தில் மூடப்பட்டது. அன்று முதல் மீட்டுத் தருகிறேன் என்று சொல்லாத வேட்பாளர் குறைவு. ரயில்வே மத்திய அரசின் கையில். நிலம் எடுத்துத் தர வேண்டியது மாநில வருவாய்த் துறை. "நான் கொண்டுவருவேன்" என்று சொல்கிறவருக்கு, வேலை இன்று எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, ஒகேனக்கலில் மழைக்காலத்தில் ஓடும் உபரி நீரை ஏற்றி நம் ஏரிகளை நிரப்பும் திட்டம். நியாயமான கோரிக்கை, நானும் அதை வேண்டுகிறவன்தான். அதனாலேயே விவரம் கேட்கிறேன். ஏரிகள் மேட்டில், ஆறு பள்ளத்தில். எத்தனை மாதம் மோட்டார் ஓடும், ஆண்டுதோறும் மின்கட்டணத்தை யார் தருவார்கள்? கர்நாடகம் நமக்குத் தர வேண்டிய நீர் 177.25 டிஎம்சி என்று 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை அளக்கும் பிலிகுண்டுலு நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கணக்குக்குள் உபரி எது, எந்த அளவு வந்த பிறகு எடுக்கத் தொடங்குவது? மேட்டூருக்குக் கீழே உள்ள டெல்டா விவசாயிக்கு என்ன சமாதானம் சொல்வது? இவற்றுக்கெல்லாம் விடை இருக்கிறது என்றே நம்புகிறேன். அந்த விடைகளை வாயில் வைத்திருக்கும் வேட்பாளரால்தான் சென்னையில் உட்கார்ந்து திட்டத்துக்காக வாதாட முடியும்.

வேட்பாளர் ஊருக்கு வரும்போது இதையெல்லாம் எப்படிக் கேட்பது? வண்டி நிற்பதே ஐந்து நிமிடம்தானே?

பிரச்சார வண்டியிடம் கேட்பது வீண். ஒலிபெருக்கிச் சத்தத்தில் காதிலேயே விழாது. கட்சிகள் அறிக்கை தயாரிக்க மாவட்டங்களுக்குக் குழு அனுப்பும் நேரம் ஒன்று உண்டு. அப்போதே எழுதிக் கொடுங்கள். தேர்தல் நெருங்கியபின், விவசாயிகள் சங்கமோ வணிகர் சங்கமோ எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழைக்கலாம். நடத்தை விதி அமலில் இருப்பதால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம்.

ஆம் என்று சொல்லித் தப்ப முடியாதபடி கேள்வியை அமைப்பது முக்கியம். "மொரப்பூர் ரயில் வருமா?" என்று கேட்டால் எல்லோரும் வரும் என்பார்கள். "எந்த ஊர்களில் நிலம் இன்னும் எடுத்து முடியவில்லை, அதற்காக முதல் மாதத்தில் யாரைப் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் உட்கார்ந்துவிடாமல் இன்னொரு முறை "எப்படி?" என்று கேளுங்கள், படித்துவிட்டு வந்தவரும் எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிறவரும் பிரிவது அந்த இரண்டாவது கேள்வியில்தான். பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தண்ணீர், ரேஷன், பேருந்து பற்றிய நுணுக்கமான கேள்விகள் அவர்களிடமிருந்துதான் வருகின்றன.

சொன்ன பதிலை அப்படியே, பெயர், தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வென்றவரின் பதில்களை நகலெடுத்துத் தேர்தலுக்குப் பின் வரும் முதல் கிராம சபையில் வாசிக்கலாம். அவருடைய அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பலாம்.